டிட்டோ

எங்கள் ஊரில் பார்க்காமலே எழுதிவைப்பதற்கு ஒரு பெயர் உண்டு. டிட்டோ அடிப்பது. தங்கச் சுரங்கம் ஓடிய காலத்து வார்த்தை. ஷிப்ட் தொடங்கும் முன்னால் ஒவ்வொரு லெவலுக்கும் இறங்கி, கூரைக்கு முட்டுக்கொடுத்த மரமெல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். சில பேர் கீழே இறக்கும் கேஜில் ஏறவே மாட்டார்கள். மேலேயே உட்கார்ந்து பீடி குடித்துவிட்டு, நேற்றைய வரிக்குக் கீழே இரண்டு கோடு இழுத்துவிடுவார்கள். சுரங்கம் மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. வார்த்தை மட்டும் மூடவில்லை. பல் தேய்க்காமல் தேய்த்தேன் என்கிற பிள்ளையைக்கூட இங்கே ‘டிட்டோ அடிக்காதே’ என்றுதான் அதட்டுவோம்.

என் பெயர் காத்தவராயன். வயது நாற்பத்தேழு. கோலார்ப் பக்கம் சாம்பியன் ரீப்ஸில் வீடு, ஒயிட்ஃபீல்டில் ஒரு கம்பெனி ஸ்டோரில் வேலை. காலை ரயில்வண்டியில் பெங்களூர்ப் பக்கம் போய் இருட்டியபின் திரும்புகிற கூட்டத்தில் நானும் ஒருவன். மற்றவர்கள் வண்டியில் சீட்டாடுவார்கள். எனக்குப் பைத்தியம் நட்சத்திரம் பார்ப்பதில்.

இதைச் சொன்னால் பாதிப் பேர் உள்ளங்கையை நீட்டிவிடுகிறார்கள். ஜோசியம் அல்ல ஐயா. வானத்தில் சில நட்சத்திரங்களின் வெளிச்சம் கூடும், குறையும். பக்கத்தில் இருக்கும் மாறாத நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு, இன்றைக்கு இது எவ்வளவு என்று ஒரு எண் போட வேண்டும். எண் ஏறினால் வெளிச்சம் குறைவு என்று பொருள். இப்படித் தலைகீழாக வைத்தது யார் என்று என்னைக் கேட்காதீர்கள். ஒரு பைனாகுலர், ஒரு வரைபடம், ஒரு நோட்டு போதும். அந்த எண்ணை வெளிநாட்டுச் சங்கம் ஒன்றின் இணையதளத்தில் ஏற்றினால் உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்து ஆராய்ச்சி செய்துகொள்ளலாம். சம்பளமும் கிடையாது, சாட்சியும் கிடையாது. பார்த்தேன் என்று நீங்கள் சொன்னால் நம்பிவிடுவார்கள்.

தனுசு ராசியில் அப்படி ஒரு நட்சத்திரம் என் பொறுப்பில் இருந்தது. அதற்குப் பெயர்கூடக் கிடையாது, இரண்டு ஆங்கில எழுத்துதான். வருஷக்கணக்கில் 6.4 என்று கல் மாதிரி நிற்கும். திடீரென்று ஒரு நாள் தன்னைச் சுற்றித் தானே கரியைக் கக்கிக்கொண்டு மங்க ஆரம்பிக்கும், சிம்னி விளக்கில் கரி பிடிப்பதுபோல. எப்போது மங்கும் என்று யாருக்கும் தெரியாது. மங்கத் தொடங்குகிற அந்த முதல் சில நாட்களைப் பிடிப்பதற்காகத்தான் எல்லோரும் தவம் கிடக்கிறார்கள். நான் பார்க்கத் தொடங்கி ஏழு வருஷம் ஆகியும் அது அசையவில்லை.

ஏழு வருஷம் ஒரே எண்ணை எழுதிப் பாருங்கள், தெரியும். முதல்முறை மச்சினி கல்யாணத்தன்று பார்க்க முடியாமல் போனது. மறுநாள் வண்டியில் உட்கார்ந்து போனில் 6.4 என்று தட்டிவிட்டேன். அன்று ராத்திரி பார்த்தால் அது 6.4-தான். என்ன குடி முழுகிப்போனது? அப்புறம் உடம்பு அலுப்பாக இருந்த நாட்கள், கிரிக்கெட் இருந்த நாட்கள், மனைவி நளினியோடு சண்டை போட்டுவிட்டுப் படுத்த நாட்கள். வானம் தெளிந்த ஒருநாளும் விடுபடக் கூடாது என்ற வீம்பு வேறு. ஐந்நூறு பதிவு தாண்டியதற்குச் சங்கத்திலிருந்து சான்றிதழ் வந்தபோது, ராபர்ட்சன்பேட்டையில் லேமினேட் செய்து கூடத்தில் மாட்டினேன். வீட்டுக்கு வருகிறவர்களை அதன் கீழேதான் உட்காரவைப்பேன்.

இந்த லட்சணத்தில் நான் ஒரு குழுவுக்குத் தலைவன். எட்டுப் பேர் இருக்கும் வாட்ஸப் குழு. புதிதாக யார் சேர்ந்தாலும் நான் சொல்லும் முதல் வாக்கியம், “டிட்டோ அடிக்கிற ஆளுக்கு இங்க வேலையில்ல.” சொல்லும்போது குரலைக் கொஞ்சம் கனமாக்கிக்கொள்வேன். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

அந்த வாக்கியத்தைக் கேட்டுத் தலையாட்டியவர்களில் இசபெல்லா சிஸ்டரும் ஒருவர். சிஸ்டர் என்றால் கன்னியாஸ்திரி அல்ல, நர்ஸ். ஓய்வு பெற்றவர், அறுபத்திநாலு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளித் தனியாக இருக்கிறார். இரண்டு வருஷம் முன்னால் அவருடைய அம்மா போனபின், சாயங்காலம் போகவே மாட்டேன் என்கிறது என்று எங்களோடு சேர்ந்தார். குழுவின் பைனாகுலர் ஒன்றை நான்தான் கொடுத்தேன், வரைபடம் பார்க்கவும் நான்தான் கற்றுக்கொடுத்தேன். ஆனால் அவருக்கு இருந்த ஒழுங்கை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. முந்தைய எண் கண்ணில் பட்டால் மனசு அதையே எழுதச் சொல்லும் என்று, நோட்டின் பழைய பக்கங்களையெல்லாம் துணிக் கிளிப்பால் சேர்த்துக் கவ்வி வைத்துவிட்டுத்தான் பேனாவை எடுப்பார். வார்டில் டெம்பரேச்சர் சார்ட் எழுதிய காலத்துப் பழக்கமாம். முந்தின நர்ஸ் எழுதியதைப் பார்த்துவிட்டு ஜுரம் பார்த்தால் அதே ஜுரம்தான் தெரியும் என்பார்.

செப்டம்பர் மாதம் ஒரு வியாழக்கிழமை. வண்டியைப் பங்காருப்பேட்டையில் ஒரு மணி நேரம் நிறுத்திப் போட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. ஐந்து நிமிஷம் கண்ணை மூடிவிட்டு மாடிக்குப் போகலாம் என்று படுத்தவன், நளினி எழுப்பியபோது விடிந்திருந்தது. காலை வண்டியில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. போனை எடுத்தேன். நேற்றைய தேதி, இரவு எட்டு முப்பது, 6.4. தட்டி அனுப்பிவிட்டேன். அனுப்பி இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது, சிஸ்டர் கூப்பிட்டார்.

“காத்தவராயா, நேத்து நீ தனுசு பாத்தியா?”

“பாத்தேன் சிஸ்டர்.”

“எவ்ளோ போட்ட? இல்ல, வேணாம், சொல்லாத. எனக்கு அது மங்கிக் கீதுப்பா. படத்துல 6.8 போட்ட நட்சத்திரத்தவிட மங்கல். மூணு தரம் பாத்தேன், கண்ணத் தொடச்சிகினு பாத்தேன். ஏழு போட்டு வெச்சிருக்கேன். அனுப்பலாமா?”

தூங்கிட்டேன் சிஸ்டர், பார்க்கலை. அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. நாக்கு நுனி வரை வந்ததா என்று கேட்டால், வரவில்லை. அப்போது எனக்கு வந்தது கோபம். நான் அனுப்பி முடித்த எண்ணை இந்தம்மா வந்து கெடுக்கிறாரே என்ற கோபம்.

“இன்னா சிஸ்டர் சொல்றீங்க? நான் நல்லா பாத்தேனே. ஆறு நாலுதான், எப்பவும்போல கீது.”

“அப்டியா?”

“வயசாவுதில்ல, கண்ணுல பொரை விழுந்திருக்கும். ஒரு தரம் டாக்டர்கிட்ட காட்டுங்க. அந்த நம்பரை அனுப்பாதீங்க. தப்பா போச்சுன்னா நம்ம குரூப்புக்குத்தான் அசிங்கம்.”

“சரிப்பா, நீ பாத்தேன்னா சரி” என்று வைத்துவிட்டார். எதிர் சீட்டில் இருந்தவர், போனில் யார் என்று கேட்டார். எங்க குரூப்புல ஒரு வயசான அம்மா, இல்லாததெல்லாம் தெரியுதாம் என்றேன். இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அடுத்து மூன்று நாள் விடாமல் மழை. நான்காம் நாள் மேகம் விலகியதும் மாடிக்கு ஓடினேன். சயனைடு மேட்டுக்கு மேலே தனுசு தெளிவாக இருந்தது. பைனாகுலரை வைத்தேன். வழக்கமான இடத்தில் அதைக் காணோம். வரைபடத்தை வைத்துத் தேடித் தேடி ஒரு பொட்டு கிடைத்தது. எட்டுக்குப் போயிருந்தது. ஏழு வருஷம் காத்திருந்த காட்சி. சந்தோஷத்தில் குதித்திருக்க வேண்டியவன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சிஸ்டர் சரியாகத்தான் பார்த்திருக்கிறார் என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

தெரிந்த பிறகும் நான் செய்ததைக் கேளுங்கள். ‘நம் நட்சத்திரம் மங்க ஆரம்பித்துவிட்டது!’ என்று குழுவில் போட்டேன். வாழ்த்து வந்து கொட்டியது. சிஸ்டரும் இரண்டு கை கூப்பி வாழ்த்து அனுப்பியிருந்தார். நான் அதற்கு ஒரு நன்றியும் போட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பவ்யா என்று ஒரு பெண் கூப்பிட்டாள். பெங்களூரில் ஆராய்ச்சி மாணவி, இதே ரக நட்சத்திரங்களைப் பற்றித்தான் படிக்கிறாளாம். சங்கத்துப் பதிவுகளிலிருந்து என் பெயரை எடுத்து, எப்படியோ நம்பரைத் தேடிப் பிடித்திருக்கிறாள்.

“சார், உங்களுக்கு ரொம்ப ரொம்ப தேங்க்ஸ். ஆஸ்திரேலியால ஒருத்தர் திங்கக்கிழமை பாத்திருக்கார், சவுத் ஆப்பிரிக்கால ஒருத்தர் சனிக்கிழமை பாத்திருக்கார். நடுவுல எல்லா ஊர்லயும் மேகம். வியாழக்கிழமை உங்க பாயிண்ட் மட்டும்தான் இருக்கு. அதுல இன்னும் மங்கவே இல்ல. அப்படின்னா ரெண்டே நாள்ல தடார்னு விழுந்திருக்கு சார். இவ்ளோ ஃபாஸ்ட்டா விழுந்தா நாங்க நெனச்சிருந்த கணக்கெல்லாம் மாறுது. என் தீசிஸ்ல ஒரு சாப்டரே இதை வெச்சுதான் எழுதறேன்.”

சான்றிதழுக்குக் கீழே அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

“ஒரே ஒரு டவுட் சார். அன்னிக்கு வேற யாராவது பாத்தாங்களா? செகண்ட் அப்சர்வர் இருந்தா இன்னும் ஸ்ட்ராங்கா இருக்கும்.”

“இல்லம்மா” என்றேன். “நான் மட்டும்தான்.”

போனை வைத்தபின் நளினி காபி கொண்டுவந்து, யார், முகம் ஏன் இப்படி இருக்கிறது என்றாள். ஒன்றுமில்லை என்றேன். காபி ஆறியது. ஒரு பெண்ணின் படிப்பே என் தூக்கத்தின் மேல் கட்டப்படுகிறது. அப்போதும் நேராக உண்மையைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. குறுக்கு வழிதான் தோன்றியது. சிஸ்டர் தன் ஏழு என்ற எண்ணை இப்போது அனுப்பிவிட்டால் போதும். இரண்டு எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். அவருடையது சரி, நான் ஏதோ தப்பாகப் பார்த்துவிட்டேன் என்று ஆகும். தப்பாகப் பார்ப்பது குற்றமில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

சிஸ்டர் சர்ச்சிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். மேசையின் மேல் பைனாகுலர் பெட்டி தூசி தட்டித் துடைத்து, பட்டையெல்லாம் சுற்றித் தயாராக இருந்தது. பக்கத்தில் ஏதோ அச்சடித்த படிவம், பாதி நிரப்பியிருந்தது.

“நானே குடுத்து அனுப்பணும்னு இருந்தேன்” என்று பெட்டியை என் பக்கம் தள்ளினார். “வேற யாருக்காவது உதவும்.”

“ஏன் சிஸ்டர்? கண்ணுக்கு இன்னா சொன்னாங்க?”

“கோலார் போயி காட்டினேன். சொட்டு மருந்து வுட்டு, மெஷின்லலாம் பாத்தாங்க. பொரையும் இல்ல, ஒண்ணும் இல்ல. இந்த வயசுக்கு இப்டி கண்ணு எங்கியும் பாத்ததில்லன்னாரு டாக்டர்.” சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். “கண்ணு நல்லா இருந்தா, அப்பறம் கோளாறு எங்க? தலைலதானே?”

எனக்குப் புரியவில்லை.

“எங்கம்மா கடைசியில எப்டி இருந்தாங்கன்னு ஒனக்குத் தெரியாது. வூட்ல இல்லாத ஆளுக்கெல்லாம் காபி போடச் சொல்வாங்க. அதோ நிக்கிறார் பாருன்னு கையக் காட்டுவாங்க. எட்டு வருசம் நான் பாத்தேன். இப்ப எனக்கு ஆரம்பிச்சிருக்கு. இல்லாதத பாத்திருக்கேன் இல்ல? நீ அது மங்கிடுச்சின்னு குரூப்புல போட்டியே, அன்னிக்குதான் ரொம்ப பயந்துட்டேன். நடக்கறதுக்கு நாலு நாள் முந்தியே எனக்குத் தெரிஞ்சிருக்குன்னா, அது இன்னா? அம்மாவும் அப்டித்தான், நாளைக்கி வர்றவங்கள இன்னிக்கே வந்துட்டாங்கம்பாங்க.”

மேசையில் இருந்த படிவம் ஆம்பூர்ப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்துடையது. தனியாக இருக்கும்போது கேஸை மூட மறந்து ஏதாவது ஆகிவிட்டால் அக்கம்பக்கத்துக்கும் ஆபத்து, புத்தி நேராக இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறார். அடுப்புக்கு மேலே சுவரில் ‘கேஸ் மூடியாச்சா?’ என்று எழுதி ஒட்டியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். அம்மா போன பிறகும் இந்த வீட்டைவிட்டுப் போகமாட்டேன் என்று இருந்த மனுஷி. மூன்று வாரம் இந்தப் பயத்தோடு தனியாக இருந்திருக்கிறார். நான் அந்த மூன்று வாரமும் வாழ்த்து வாங்கிக்கொண்டிருந்தேன்.

“நான் பாக்கல சிஸ்டர்” என்றேன்.

“இன்னா?”

“அன்னிக்கி நான் பாக்கவே இல்ல. சாப்ட்டு தூங்கிட்டேன். காலைல வண்டியில எழுதினேன்.”

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வார்டில் நோயாளி சொல்வது நிஜமா என்று பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

“டிட்டோ அடிச்சியா?”

எத்தனையோ பேரிடம் நான் வீசிய வார்த்தை. தலையைக் குனிந்துகொண்டேன்.

“நீ பாத்தேன்னு சொன்னியேப்பா. நீ பாத்தேன்னு சொன்னதனாலதானே நான் என் கண்ண நம்பல.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் திட்டவில்லை. முழங்கால்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு கேட்டார்.

“இந்த ஒரு நாள்தானா?”

“இல்ல.”

“எத்தன?”

யோசித்துப் பார்த்தேன். நிஜமாகவே யோசித்தேன். எந்த நாள் மாடியில் நின்றேன், எந்த நாள் வண்டியில் உட்கார்ந்து தட்டினேன், ஒன்றும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. எல்லா வரியிலும் அதே 6.4. “தெரியல சிஸ்டர்” என்றேன். ஏழு வருஷத்தில் எனக்கு மிச்சம் அவ்வளவுதான்.

அப்புறமும் வெட்கமில்லாமல், பவ்யா கூப்பிட்டதைச் சொல்லி, வந்த காரியத்தைக் கேட்டேன். அன்றைய நோட்டுப் பக்கத்தைக் கொடுங்கள், உங்கள் எண்ணை இப்போதே அனுப்பிவிடலாம், இந்தியாவிலேயே முதலில் பார்த்தவர் நீங்கள்தான், நானே எல்லோரிடமும் சொல்கிறேன் என்றேன். அவர் எழுந்து நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். கிளிப் கவ்விய பக்கங்களுக்கு அடுத்து ஒரு தாள் வேரோடு கிழிந்திருந்தது.

“நீ போன் வெச்சதும் கிழிச்சிட்டேன். தப்பான சார்ட்ட வெச்சிருக்கக் கூடாதில்ல.”

“பரவால்ல சிஸ்டர், நம்பர்தான் ஞாபகம் இருக்கே. ஏழு.”

“ஏழுதான். ஏழுங்கறது என் ஞாபகம். மணி எத்தினி, எந்த ரெண்டு நட்சத்திரத்துக்கு நடுவுல, ஏழா ஆறு ஒம்போதா, எல்லாம் அந்தத் தாள்ல இருந்துச்சி. ஞாபகத்துல இருந்து எழுதினா நீ செஞ்சதுதான் நானும் செய்யறது. மாட்டேன்.” பிறகு என் சட்டைப் பையைக் காட்டினார். “அந்தப் பொண்ணுக்கு போன் போடு. இங்கியே, என் முன்னாடியே.”

போட்டேன். ஸ்பீக்கரில் வை என்றார். வைத்தேன். பவ்யா உற்சாகமாக, “சொல்லுங்க சார்” என்றாள். நான் சொன்னேன். தூங்கியது, வண்டியில் தட்டியது, இதே மாதிரி எத்தனையோ நாள் செய்தது, எது பார்த்தது எது பார்க்காதது என்று எனக்கே தெரியாதது. என் பெயரில் அந்த நட்சத்திரத்துக்கு இருக்கும் எல்லாப் பதிவையும் நீக்கச் சொல்லி இன்றைக்கே சங்கத்துக்கு எழுதுகிறேன் என்றேன்.

“சார், நான் அடுத்த வாரம் செமினார் குடுக்கணும்” என்றாள். அழுகிறாளா, கோபமா என்று தெரியவில்லை. “காலைல கேட்டேனே சார். அப்பவாவது சொல்லிருக்கலாமே.”

“ஆமாம்மா. இன்னொரு பொய்யும் சொன்னேன். வேற யாரும் பாக்கலன்னு. ஒருத்தர் பாத்தாங்க. கரெக்டா பாத்தாங்க. அனுப்பாதீங்கன்னு தடுத்தது நான்தான்.”

“அவங்க நம்பர் எவ்ளோ சார்?”

சிஸ்டர் போன் பக்கம் குனிந்தார். “நம்பர் இல்லம்மா. தாளக் கிழிச்சிட்டேன், சும்மா வாயில தர மாட்டேன். நீ படிச்ச பொண்ணு, ஒண்ணு மட்டும் சொல்லு. வியாழக்கெழம அது மங்கித்தானே இருந்துச்சி? இருந்திருக்குமா?”

“ஒரு நிமிஷம் ஆன்ட்டி.” கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. “சார் பாயிண்ட்டை எடுத்துட்டேன். திங்கக்கிழமை 6.5, சனிக்கிழமை 7.4. நடுவுல ஒரு கோடு போட்டா, வியாழக்கிழமைக்கு… ஏழு வருது ஆன்ட்டி. கிட்டத்தட்ட கரெக்டா ஏழு. நீங்க பாத்திருந்தா நல்லாவே தெரிஞ்சிருக்கும்.”

சிஸ்டர் முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. முதலில் சத்தமில்லாமல் இருந்த அழுகை, பிறகு அடக்க முடியாமல் வெடித்தது. ஆன்ட்டி, ஆன்ட்டி, என்னாச்சு என்று போனில் அந்தப் பெண் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அவளுக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான்தான். பக்கத்தில் போய் உட்கார எனக்கு முகமில்லை, எழுந்து போகவும் தைரியமில்லை. போனைக் கையில் பிடித்தபடி அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.